முகூர்த்த நாளில் பருவத்துக்கு வந்த மாடு

நான் ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் படித்தவன். ஆராய்ச்சி என்றால் வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் கண்ணாடிக் குழாயை ஆட்டிப் பார்ப்பது என்றுதான் நினைத்திருந்தேன். என் வீட்டு மாட்டுக் கொட்டகையில், சாணிக்கும் வைக்கோலுக்கும் நடுவில் ஒரு ஆராய்ச்சி நடக்கும் என்றோ, அதைக் கெடுக்கிற பாக்கியம் எனக்கே வாய்க்கும் என்றோ சிவசத்தியமாக நினைத்ததில்லை.

சிதம்பரத்தில் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு கார் ஸ்டாண்டில் எனக்கு வேலை. வருகிற வண்டிக்குக் கை காட்டி இடம் காட்டுவேன். "இன்னும் வாங்க, இன்னும் வாங்க" என்று சொல்லி அடுத்த வண்டியின் மேல் ஏறாமல் நிறுத்த வைப்பேன். வீடு புவனகிரி ரோட்டில், ஊர் முடிந்து வயல் ஆரம்பிக்கிற இடத்தில். வீட்டுக்குப் பின்னால் ஒரு செவலைப் பசு. ஜெர்சிக் கலப்பு. அதற்கு ஒரு கிடேரிக் கன்று.

அந்தச் செவலைக்கு ஒரு குறை. மற்ற மாடு பருவத்துக்கு வந்தால் தெருவே கேட்கிற மாதிரி கத்தும். இது வாயைத் திறக்காது. தீனியைத் தின்றுகொண்டு, அசை போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாதது போல நிற்கும். இதற்கு ஊமைப் பருவம் என்று பெயராம். கால்நடை டாக்டர் சொன்னார். பருவம் தெரியாமல் சினை ஊசி போட முடியாது. போட்டாலும் நிற்காது. கன்று போட்டபின் ஏதோ ஒரு குத்துமதிப்பில் போட்டுப் பார்த்ததும் நிற்கவில்லை. சினை நிற்காத மாட்டுக்கு ஒரு நாள் பால் வற்றும். பால் வற்றிய மாட்டுக்கு ஒரு நாள் லாரி வரும். அந்த லாரி எங்கே போகிறது என்று எங்கள் பக்கம் யாரும் கேட்பதில்லை. கேட்காமலே தெரியும் என்பதால்.

குறிஞ்சிப்பாடியில் ஒரு மாட்டுத் தரகர் இருந்தார். என் வீட்டுக்காரிக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. புல்லட்டில் வந்து இறங்குவார். மாட்டை ஒரு சுற்று சுற்றி வருவார். மடியைப் பார்ப்பார். என்னைப் பார்ப்பார்.

"மாமா, சும்மா நிக்கிற மாட்டுக்கு வைக்கோல் போட்டு என்னா பண்ணப்போறீங்க? இப்பவே குடுத்தா கறவை மாடுன்னு போவும். அப்புறம் குடுத்தா வேற மாதிரி போவும்."

"நான் உசுரோட இருக்கற வரைக்கும் அது இந்த வாசலத் தாண்டாது" என்பேன். பசு என்றால் எனக்கு அம்பாள். காலையில் குளித்து விபூதி பூசிக்கொண்டு, அதன் பின்புறத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பேன்.

என் வீட்டுக்காரி அதைப் பார்த்துக்கொண்டே சாணிக் கூடையைத் தூக்குவாள். "சாமி கும்புட நீங்க, சாணி அள்ள நானா?" என்பாள். அவளுக்கு முழங்கால் வலி. புல் அறுப்பது அவள், தண்ணீர் காட்டுவது அவள், கறப்பது அவள். நான் பக்தி செலுத்துவதோடு சரி. "கறக்கிற வரைக்கும் பாக்கறேன். மடி வத்துனா தம்பிகிட்ட சொல்லிடுவேன். அப்புறம் என்னைப் பாவி, பாதகின்னு சொல்லிக்கிட்டு வரக்கூடாது" என்று ஒரு நாள் தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

இந்த நிலைமையில்தான் கார் ஸ்டாண்டுக்கு ஒரு கல்லூரியிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். வண்டி நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் தரையில் வட்டமாக ஒரு டப்பாவைப் பதித்தார்கள். அதன் நடுவில் சின்னதாகக் கண்ணாடிக் கண். மேலே வண்டி நின்றால் அந்தக் கண்ணுக்குத் தெரியும், காலியாக இருந்தாலும் தெரியும். வாசலில் இருக்கிற போர்டில் எத்தனை இடம் காலி என்று தானாக எழுத்து ஓடும். அதுதானே என் உத்தியோகம்! கை காட்டுகிற வேலையை டப்பா செய்துவிட்டால் நான் எதைக் காட்டுவது? ஆனாலும் நம் இடத்துக்கு வந்த கருவி. ஆயுதபூஜை அன்று காலையில் ஒரு டப்பா விடாமல் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, ஒரு பூவும் வைத்துக் கற்பூரம் காட்டினேன்.

அன்று கார் ஸ்டாண்டில் ஒரு வண்டியும் இல்லை. ஆனால் போர்டில் "இடம் இல்லை" என்றே ஓடிக்கொண்டிருந்தது. வந்த வண்டியெல்லாம் போர்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. நான் உள்ளே வெறும் தரையின் நடுவில் நின்று, "ஏன்டா ஒருத்தனும் வரல, லீவு நாளாச்சே" என்று யோசித்துக்கொண்டிருந்தேன். முதலாளி வந்து பார்த்துவிட்டு என்னைத் திட்டிய திட்டு, அந்த நல்ல நாளில் கேட்கத் தக்கதல்ல.

டப்பாவைச் சோதிக்க ஒரு பெண் வந்தாள். கடலூர்ப் பொண்ணு. பட்டப் படிப்பெல்லாம் முடித்து, டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவள். கழுத்தில் சின்ன சிலுவை. குனிந்து ஒரு டப்பாவைப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணா, கண்ணுல சந்தனத்தை அப்பிட்டீங்களே!"

"சாமிக்கே அப்பறோம், இதுக்கு என்னாம்மா?"

"சாமிக்கு காரை எண்ணற வேலை இல்லியே அண்ணா."

அவள் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். நானும் கூடவே துடைத்தேன். பேச்சுவாக்கில் சொன்னாள். அவள் சாருக்கு மூன்று ஆராய்ச்சிகளாம். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவர்கள் கையில் கட்டுகிற பட்டை ஒன்று. நாடித் துடிப்பு ஏறினால் நர்சுக்குச் சொல்லுமாம். இன்னொன்று இந்த கார் டப்பா. இதற்கு அவள் சும்மா உதவிக்கு வந்திருக்கிறாள். அவளுடைய சொந்த ஆராய்ச்சி மூன்றாவது. மாட்டின் கழுத்தில் பட்டை கட்டி, அது எப்போது பருவத்துக்கு வருகிறது என்று கண்டுபிடிப்பது.

என் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. கோயில் கோபுரம் இருக்கிற திசையைப் பார்த்து அங்கேயே ஒரு கும்பிடு போட்டேன். நான் சந்தனம் வைத்ததற்கு முதலாளி திட்டினார். தில்லைக்காரர் பரிசு கொடுத்தார். அப்படித்தான் அன்று எனக்குப் பட்டது.

கார்த்திகையில் செவலைக்குப் பட்டை கட்டினார்கள். நைலான் வார், அதில் சோப்புக்கட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. பருவத்துக்கு வந்த மாடு வாயால் கத்தாவிட்டாலும் கால் சும்மா இருக்காதாம். கொட்டகையிலேயே அங்கும் இங்கும் நடக்குமாம், அசை போடுவது குறையுமாம். அந்த வித்தியாசத்தைப் பெட்டி பார்த்துக்கொள்ளும். பார்த்து, என் போனுக்குத் தகவல் அனுப்பும். சிவப்புப் புள்ளியும், "பருவ அறிகுறி" என்ற எழுத்தும் வரும்.

"மாடு மேய்ச்சலுக்கு வெளிய போனா மட்டும் என்கிட்ட சொல்லிடுங்க அண்ணா" என்றாள்.

"மேய்ச்சலா? இது வெளிய போய் ஒரு புல்லு கடிச்சதில்லம்மா. எல்லாம் வீட்டுத் தீனிதான்" என்றேன். அது சத்தியமான வார்த்தை. அந்தச் சத்தியத்தைத்தான் நான் இன்றுவரை நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொள்கிறேன்.

என் வீட்டுக்காரி பட்டையை இழுத்துப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒரு தாலிச் செயின் மாத்திக் குடுங்கன்னு எத்தினி வருஷமா கேக்கறேன். மாட்டுக்கு வந்துடுச்சு பாருங்க" என்றாள்.

தை மாதத்தில் ஒரு முகூர்த்த நாள். மத்தியானம் கார் ஸ்டாண்டில் இருக்கும்போது போன் கிணுங்கியது. சிவப்புப் புள்ளி. சைக்கிளை மிதித்துக்கொண்டு நேரே கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் வந்து கையுறை போட்டுப் பார்த்தார். வாலைத் தூக்கிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"பருவத்துல இருக்கற மாதிரி தெரியலியேங்க. பருவம்னா வாலுக்குக் கீழ வழியுமே, அந்த வழும்பே இல்ல."

"சார், இது ஊமை மாடு. வெளிய காட்டாது. கம்ப்யூட்டரே சொல்லுது சார், பாருங்க" என்று போனை அவர் மூக்குக்குப் பக்கத்தில் நீட்டினேன். ஒன்பதாம் வகுப்பு படித்தவன் மாட்டு டாக்டருக்கு மாட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் நல்ல மனுஷன். பெருமூச்சு விட்டுவிட்டு ஊசியைப் போட்டார். நிற்கவில்லை.

மறுபடி ஒரு முகூர்த்த நாளில் புள்ளி வந்தது. டாக்டர் அன்று முகாமுக்குப் போய்விட்டதால் தப்பித்தார். சித்திரையில் இன்னொரு முகூர்த்த நாளில் வந்தது. அந்தத் தடவை அவரை விடவில்லை. மறுபடி கெஞ்சி, மறுபடி போனைக் காட்டி ஊசி போட வைத்தேன். அதுவும் நிற்கவில்லை.

ஊசி நிற்காத வருத்தம் ஒருபுறம் இருக்கட்டும். எனக்குள் வேறு ஒரு விஷயம் புஷ்பம் மாதிரி மலர்ந்துகொண்டிருந்தது. என் செவலை முகூர்த்த நாள் பார்த்துத்தான் பருவத்துக்கு வருகிறது! காலண்டரை எடுத்துப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. இது மாடா, தெய்வமா? கார் ஸ்டாண்டில் வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னேன். காட்டுமன்னார்கோயிலிலிருந்து வந்த ஒரு குடும்பம் காரில் ஏறப் போனவர்கள் இறங்கி நின்று கேட்டுவிட்டு, "எங்க வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கும் அந்த மாட்டைக் கூட்டிக்கிட்டு வர முடியுமா?" என்றார்கள். தூரம் என்று மறுத்தேன். வருத்தமாகத்தான் மறுத்தேன்.

இந்த இடத்தில் வாசிக்கிறவர்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். எனக்குத்தான் வைகாசி வரைக்கும் புரியவில்லை.

வைகாசியில் அந்தப் பெண் அவளுடைய சாரையும் அழைத்துக்கொண்டு வந்தாள். இருவர் முகத்திலும் ஒரு பரபரப்பு. அவள் மடிக்கணினியைத் திறந்து எங்கள் கூடத்தில் வைத்தாள். கோடு கோடாக மலை மாதிரி ஏறி இறங்கியது.

"மத்த மாட்டுக்கெல்லாம் மூணு வாரத்துக்கு ஒரு தடவை இந்தக் கோடு ஏறுது அண்ணா. உங்க மாட்டுக்கு மட்டும் கன்னாபின்னான்னு ஏறுது. ஒரே வாரத்துல ரெண்டு தடவை ஏறி இருக்கு. நீங்க முகூர்த்த நாள்னு சொன்னீங்கல்ல? காலண்டர் வச்சுப் பாத்தேன். அப்படியே பொருந்துது!"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த நாள்ல மாட்டுக்கு வித்தியாசமா ஏதாவது செய்யறீங்களா? தீனி, தண்ணி, சத்தம், மேளம், ஏதாவது?"

நான் கைகட்டி நின்று யோசித்தேன். நன்றாகவே யோசித்தேன். "ஒண்ணும் இல்லீங்க சார். எப்பவும் போலத்தான். எல்லாம் அவன் செயல்."

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "ஊர்ல புதுசா வீடு கட்டுனவங்க வூட்டுக்கெல்லாம் விடியக் காலையில இழுத்துக்கிட்டுப் போறாரே, அதச் சொல்லலியா?"

சார் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

கிரகப்பிரவேசத்துக்குப் பசுவும் கன்றும் முதலில் உள்ளே போக வேண்டும் என்பது வழக்கம். சிதம்பரத்தைச் சுற்றி நகர் நகராக வீடு முளைக்கிறது. ஆனால் மாடு வைத்திருப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். அதனால் முகூர்த்த நாள் என்றால் எனக்குக் கூப்பாடு வரும். விடியலில் செவலையைக் குளிப்பாட்டி, கொம்புக்கு மஞ்சள் பூசி, கன்றையும் பிடித்துக்கொண்டு நடத்தியே கூட்டிப்போவேன். சில நாள் இரண்டு வீடு. ஒரு வீட்டில் மாடிப்படிகூட ஏறியது. எனக்கு அது மாட்டைக் கூட்டிப்போகிற வேலையாகவே தோன்றியதில்லை. சாமி காரியம். மேய்ச்சலுக்குப் போனால் சொல் என்றாள். இது மேய்ச்சல் இல்லையே! சாமி காரியத்தை ஆராய்ச்சிக் கணக்கில் சேர்ப்பார்களா என்று நினைத்தேன். இல்லை, நினைக்கவே இல்லை என்பதுதான் சரி.

அந்தப் பெண் என்னையும் மடிக்கணினியையும் மாறி மாறிப் பார்த்தாள். "அண்ணா, அந்த மெஷின் நடையைத்தான் பாக்குது. நீங்க பொழுது விடியறதுக்குள்ள ஊரையே சுத்திக் காட்டினா அது என்னான்னு நினைக்கும்?"

"பருவம்னு நினைக்கும்" என்றேன், பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

"அதுமட்டுமில்ல. அது ஒவ்வொரு மாட்டையும் பாத்துப் பாத்துக் கத்துக்கற மெஷின். பருவம்னா இவ்வளவு நடைன்னு உங்க மாட்டைப் பாத்துத்தான் முடிவு பண்ணும். நீங்க நடத்துன நடையைப் பருவம்னு கத்துக்கிச்சு. அதுக்கு முன்னால இதோட நெஜப் பருவம் துக்குணூண்டு. நடுவுல எத்தனை தடவை வந்துட்டுப் போச்சோ, மெஷின் அதைக் கண்டுக்கவே இல்ல."

படிக்காதவன் என்று என்னை எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். நான் பாடமும் நடத்துவேன் என்று அன்றுதான் தெரிந்தது. மெஷினுக்கே பொய்ப் பாடம் நடத்தி, அதை நம்ப வைத்து, டாக்டரையும் நம்ப வைத்திருக்கிறேன். அதற்கு நடுவில் என் மாடு மாதா மாதம் வாய் பேசாமல் வந்து, பார்த்து, யாரும் கவனிக்கவில்லை என்று போய்க்கொண்டிருந்திருக்கிறது.

சார் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அந்தப் பெண்ணின் இத்தனை மாத உழைப்பு, அதில் பாதி என் கிரகப்பிரவேசம். அவள்தான் தேற்றிக்கொண்டாள். "பரவாயில்ல சார், இப்படியும் தப்பு வரும்னு எழுதலாம். வேற எவனும் இதைக் கண்டுபிடிச்சிருக்க மாட்டான்" என்றாள்.

அவர்கள் போனபிறகு என் வீட்டுக்காரி வாசலுக்கு வந்தாள். கையில் பால் சொம்பு. அதில் காபிக்குத்தான் இருந்தது.

"வத்திடுச்சு" என்றாள்.

நான் சொம்பை வாங்கித் திண்ணையில் வைத்தேன்.

"தம்பி போன் பண்ணிச்சு. தீபாவளிக்கு முந்தி வரேன்னிச்சு. அதுக்குள்ள சினைன்னு டாக்டர் வாயால சொன்னா இருக்கட்டும். இல்லன்னா ஏத்திடுவோம். என் முட்டி இதுக்கு மேல தாங்காது." அதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மாட்டின் முகத்தையும் பார்க்கவில்லை.

அந்தப் பெண் அடுத்த வாரமே வந்து பெட்டியில் இருந்த பாடத்தையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தாள். செவலை வாசல் தாண்டக்கூடாது என்று கண்டிப்பு. கூப்பிட்டவர்களிடமெல்லாம் "மாட்டுக்கு ஒடம்பு சரியில்ல" என்று பொய் சொன்னேன். ஒரு வீட்டுக்காரர் கடைசியில் ஒரு பிளாஸ்டிக் பசுவை வைத்துக் கிரகப்பிரவேசம் செய்தாராம். அந்தப் பாவமும் என் கணக்கில்தான்.

கூடவே எனக்கும் ஒரு பட்டை கட்டிவிட்டாள். சாரின் ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக்கு நோயாளி அல்லாதவர்கள் சிலர் தேவையாம், ஒப்பிட்டுப் பார்க்க. கையில் கடிகாரம் மாதிரி இருந்தது. மாட்டுக்குக் கழுத்தில், எனக்குக் கையில். என் வீட்டுக்காரி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "ரெண்டுல எது முதல்ல கத்தப்போவுதுன்னு பாக்கறேன்" என்றாள்.

ஆனி முழுவதும் பெட்டி மௌனமாகப் படித்துக்கொண்டிருந்தது. ஆடி பிறந்தது. எங்கள் வீட்டில் ஆடியில் புதுத் துடைப்பம்கூட வாங்க மாட்டோம். அப்படிப்பட்ட ஆடியில், செவ்வாய்க்கிழமை காலையில், சிவப்புப் புள்ளி வந்தது. கொட்டகைக்கு ஓடினேன். செவலை அசை போட்டுக்கொண்டு நின்றது. ஆனால் வாலுக்குக் கீழே கண்ணாடி மாதிரி ஒரு இழை தொங்கிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டு, "இதுதான். இதுதாங்க" என்றாள்.

டாக்டருக்குப் போன் செய்தேன். "கம்ப்யூட்டரா?" என்றார். "வழும்பும் இருக்கு சார்" என்றேன். "சாயங்காலம் நேரா முகாமுக்குப் போறேன். போற வழியில மூணு மணிக்கு வந்து போட்டுட்டுப் போறேன். வேற நேரம் இல்ல. நாளைக்குன்னா பருவம் தாண்டிடும்."

செவ்வாய்க்கிழமை மூன்று மணி என்றால் ராகு காலம் ஆரம்பம். ஆடி, செவ்வாய், ராகு காலம். கெட்டதெல்லாம் ஒரே நேரத்தில் வரிசையில் வந்து நின்றது, கார் ஸ்டாண்டில் தேர்த் திருவிழாக் கூட்டம் மாதிரி.

"சார், ஒரு ரெண்டே முக்காலுக்கு..."

"மூணு" என்று வைத்துவிட்டார்.

நான் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். கையில் பட்டை கிணுங்க ஆரம்பித்தது. என் வீட்டுக்காரி கதவில் சாய்ந்துகொண்டு, "வேணாம்னு மட்டும் சொல்லிப் பாருங்க. மாட்டோட சேத்து உங்களையும் லாரில ஏத்திடறேன்" என்றாள்.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நான் வேறு வழி கண்டுபிடித்தேன். ஊருக்குப் போகிறவர்கள் நல்ல நேரத்தில் பையை மட்டும் தூக்கிப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு, ராகு காலத்தில் நிம்மதியாகக் கிளம்புவதில்லையா? பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அதே கணக்கை மாட்டுக்கும் போட்டேன். இரண்டரை மணிக்கே செவலையைக் கழுவி, நெற்றியில் மஞ்சள் வைத்து, வாலை ஓரமாகத் தூக்கி ஒரு மஞ்சள் கயிற்றால் கழுத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். ஊசிக்கு வாலை ஒதுக்குவதுதானே முதல் வேலை? அதை முடித்தாகிவிட்டது. இனி ராகு வந்தாலும் கேது வந்தாலும் நடந்துகொண்டிருக்கிற வேலைக்குள்தான் வர வேண்டும்.

டாக்டர் வந்து கொட்டகைக்குள் கால் வைத்தவர் நின்றுவிட்டார். "என்னங்க இது, மாட்டை பார்சல் கட்டி வச்சிருக்கீங்க?"

"வேலைய நான் ஆரம்பிச்சிட்டேன் சார். நீங்க தொடர்ந்து பண்ணுங்க. புதுசா ஆரம்பிக்கற மாதிரி மட்டும் பண்ணாதீங்க."

அவர் என் வீட்டுக்காரியைப் பார்த்தார். அவள் வானத்தைப் பார்த்தாள். அவர் கையுறையை மாட்டிக்கொண்டு, "சரி, விட்ட எடத்துல இருந்து பண்றேன்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். நான் கண்ணை மூடி ஐந்தெழுத்தைச் சொன்னேன். என் கைப்பட்டை விடாமல் கத்தியது. "அதை யாராவது நிறுத்துங்கப்பா, மாடு மிரளுது" என்றார் டாக்டர். எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு ஜபம் செய்தேன். மறுநாள் அந்தப் பெண் போன் செய்து, "அண்ணா, நேத்து மூணு மணிக்கு மாடிப்படி ஏறி இறங்குனீங்களா, இல்ல நெஞ்சுவலியா?" என்று கேட்டாள். "பிரசவ வலிம்மா" என்றேன்.

அதற்கப்புறம் காத்திருப்புதான். அடுத்த பருவம் வரவேண்டிய நாள் வந்தது. புள்ளி வரவில்லை. அதற்கு அடுத்ததும் வரவில்லை. வராதது நல்லதா, இல்லை பெட்டி மறுபடியும் கோட்டை விட்டதா என்று தெரியாமல் நான் தவித்தேன். ஆவணியில் கிரகப்பிரவேசக் கூப்பாடுகள் வந்தன. போகவில்லை. புரட்டாசி முடிந்தது.

தீபாவளிக்குச் சில நாள் முன்பு ஒரு காலையில் டாக்டர் சினை பார்க்க வருவதாகச் சொன்னார். அன்றைக்கே தரகரும் வந்துவிட்டார். புல்லட்டின் பின்னால் புதுக் கயிறு சுருட்டி வைத்திருந்தது. "பக்கத்துல லாரி நிக்குது மாமா. எப்படின்னு பாத்துட்டுச் சொல்லுங்க. நான் ஒண்ணும் அவசரப்படல" என்று சொல்லிக்கொண்டே அவசரமாக மணி பார்த்தார்.

டாக்டர் தோள் வரைக்கும் நீளமான உறையை மாட்டிக்கொண்டு கையை உள்ளே விட்டார். நான் மாட்டின் தலைப்பக்கம் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரி வாலைப் பிடித்திருந்தாள். தரகர் அந்தப் புதுக் கயிற்றைப் பிரித்துக் கையில் பிடித்தபடி கொட்டகை வாசலில். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு, தொலைவில் ஏதோ பாட்டைக் கேட்கிறவர் மாதிரி தலையைச் சாய்த்திருந்தார். அந்த நேரத்தில் சாமியிடம் என்ன சொல்வது என்று நான் வாரக்கணக்காக யோசித்து வைத்திருந்தேன். பெரிய பெரிய வார்த்தைகள். ஒன்றும் வரவில்லை. மாட்டின் காதில்தான் ஏதோ முணுமுணுத்தேன். என்ன என்று எனக்கே தெரியாது. மன்னிப்பாக இருக்கலாம்.

"சினைதாங்க" என்றார் டாக்டர். "நல்லா நின்னுருக்கு."

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரி, "இன்னொரு தபா பாருங்க டாக்டர்" என்றாள்.

"பாத்துட்டேம்மா. சினைதான்."

"நெசமா பாத்தீங்களா? இவரு கம்ப்யூட்டர் கிம்ப்யூட்டர்னு சொன்னத வச்சுச் சொல்லலியே?"

"என் கை சொல்லுதும்மா."

அவள் வாலை விடவில்லை. டாக்டர் கையை எடுத்தபிறகும் விடவில்லை. இத்தனை மாதமும் ஏற்றிவிடுவோம், ஏற்றிவிடுவோம் என்று சொன்னவள் மாட்டின் வாலைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு, சாணி ஒட்டியதுகூடத் தெரியாமல் அழுதுகொண்டிருந்தாள். நான் பக்தன் என்று பெயர் எடுத்தவன். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. டாக்டருக்குக் கை கழுவச் சோப்பு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன்.

தரகர் மெதுவாகக் கயிற்றைச் சுருட்டினார். போகிறவர் சும்மா போகாமல், தொழில்காரர் அல்லவா, கொட்டகை மூலையில் நின்ற கிடேரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அக்கா, இடம் நெருக்கமாயிடுமே. அந்தக் கன்னுக்குட்டியையாவது..." என்று ஆரம்பித்தார்.

என் வீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள். கையில் வால் அப்படியே இருந்தது. அந்த மனுஷன் வாக்கியத்தை முடிக்காமலே புல்லட்டை உதைத்தார். முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆகிவிட்டது, பாவம், அதுவும் பயந்திருக்கும்.